கோடை விடுமுறையில் ஊர் அருங்காட்சியகத்தில் கண்காட்சி நடத்துவது எப்படி: காவிரிப் படுகைக்காரர்களுக்கு ஒரு முழு வழிகாட்டி

சம்பா அறுத்து, தரிசில் தெளித்த உளுந்தும் பயறும் பறித்தாகிவிட்டது. ஆற்றில் மணல்தான் தெரிகிறது. பள்ளிக்கூடம் பூட்டியாயிற்று. பிள்ளைகள் மத்தியானம் முழுக்கக் கைப்பேசியோடு திண்ணையில் கிடக்கிறார்கள். அதே ஊரில், பேருந்து நிலையத்திலிருந்து பத்து நிமிட நடையில், நல்ல அருங்காட்சியகம் ஒன்று திறந்திருக்கிறது. உள்ளே காவலாளி ஒருவர் மட்டும் உட்கார்ந்திருக்கிறார்.

இந்த இரண்டையும் சேர்த்து வைக்கும் வேலையை எங்கள் ஊரில் ஐந்தாறு பேர் நான்கு கோடைகளாகச் செய்து வருகிறோம். கையில் பெரிய பணம் கிடையாது, பதவியும் கிடையாது. அதில் கற்றுக்கொண்டதை, நீங்களும் உங்கள் ஊரில் செய்து பார்க்கும்படி வரிசையாக எழுதுகிறேன்.

முதலில் நாள் குறியுங்கள்

டெல்டாவில் எதற்கும் ஆற்றையும் கோயிலையும் பார்த்துத்தான் நாள் வைக்க வேண்டும். மேட்டூர் அணை வழக்கமாகத் திறக்கிற நாள் ஜூன் 12. தண்ணீர் வரும் என்ற பேச்சு கிளம்பியதுமே வீட்டில் பாதிப் பேருக்கு மனசு குறுவை நாற்றங்காலுக்குப் போய்விடும். ஜூனில் பள்ளியும் திறந்துவிடும். ஆகவே ஏப்ரல் பின்பாதியில் தொடங்கி மே முடிவுக்குள் எல்லாம் முடிந்திருக்க வேண்டும். அந்த இடைவெளிக்குள்தான் அக்னி நட்சத்திரமும் வருகிறது. அதற்குப் பயப்பட வேண்டாம், நேரத்தை மாற்றிக்கொண்டால் போதும்.

ஏப்ரல் 18 உலக மரபு நாள். மே 18 உலக அருங்காட்சியக நாள், 1977-இலிருந்து கொண்டாடப்படுகிறது. இந்த இரண்டில் ஒன்றைத் தொடக்க நாளாகவோ நிறைவு நாளாகவோ வைத்தால் அதிகாரிகளிடம் கேட்பது சுலபம். ஏன் அந்தத் தேதி என்று யாரும் கேட்க மாட்டார்கள்.

அப்புறம் பஞ்சாங்கத்தைப் பாருங்கள். சித்திரைத் தேர் எந்த ஊரில் எந்த நாள், வளர்பிறை முகூர்த்தம் எது எது என்று ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். முதல் வருடம் இதைச் செய்யாமல், பக்கத்து ஊர்த் தேரோட்டத்தன்று தொடக்க விழா வைத்தோம். வந்தவர்கள் பதினோரு பேர். அதில் ஐந்து பேர் எங்கள் வீட்டார்.

அனுமதி

இதை ஜனவரியிலேயே தொடங்கிவிடுங்கள். அரசு அருங்காட்சியகம் என்றால் காப்பாட்சியரை நேரில் பார்த்துப் பேசிவிட்டு, அதன் பிறகு கடிதம் கொடுங்கள். வெறும் கடிதம் மேசையிலேயே கிடக்கும். கடிதத்தில் என்ன தலைப்பு, எத்தனை நாள், எந்த அறை, எத்தனை பேர் வேலை செய்வார்கள், பொருள்களுக்கு யார் பொறுப்பு ஆகிய ஐந்தும் இருக்க வேண்டும். கடைசியாகச் சொன்னதற்குத்தான் அவர்கள் முதலில் பதில் தேடுவார்கள்.

மாலை நேர நீட்டிப்பைத் தனியாகக் கேட்டு வாங்குங்கள். டெல்டா வெயிலில் பகல் பன்னிரண்டிலிருந்து நான்கு மணி வரை ஒருவரும் வர மாட்டார்கள். காலை ஒன்பதிலிருந்து பதினொன்றரை, மாலை நாலரையிலிருந்து ஏழரை: கூட்டம் வருவது இந்த நேரத்தில்தான். அரசு அருங்காட்சியகங்களுக்குப் பொதுவாக வெள்ளிக்கிழமை விடுமுறை என்பதையும் மறந்துவிடாதீர்கள்.

ஒரே ஒரு பொருளைத் தலைப்பாக எடுங்கள்

‘நம் பாரம்பரியம்’, ‘அன்றும் இன்றும்’ மாதிரித் தலைப்பு வைத்தால் உரல், லாந்தர், கிராமபோன், பழைய காசு எல்லாம் ஒரே மேசையில் வந்து குவியும். பார்ப்பவர் ‘அட, இது எங்க வீட்லயும் இருந்துச்சு’ என்று சொல்லிவிட்டுப் போய்விடுவார். சின்னதாக ஒன்றை எடுத்து ஆழமாகப் போக வேண்டும். பாரம்பரிய நெல் மட்டும் எடுக்கலாம். மாப்பிள்ளைச் சம்பா, காட்டுயானம், பூங்கார், தூயமல்லி, கருப்புக் கவுனி என்று கதிர்களைக் கட்டித் தொங்கவிட்டாலே சுவர் நிறையும். விளக்கு எடுத்தால் நாச்சியார்கோயில் பக்கத்தில் இருக்கிறது. தலையாட்டி பொம்மை, நெட்டி வேலை, நாதஸ்வரம், பட்டுத் தறி என்று தஞ்சையைச் சுற்றி இருபது வருடத்துக்குப் பஞ்சமில்லை.

நாங்கள் செய்ததில் நன்றாக அமைந்தது அளவைகள். மரக்கால், நாழி, உழக்கு, ஆழாக்கு. அதையே உதாரணமாக வைத்து மீதியைச் சொல்கிறேன்.

வாய்பாடு எளிது. 2 ஆழாக்கு 1 உழக்கு, 2 உழக்கு 1 உரி, 2 உரி 1 நாழி, 8 நாழி 1 குறுணி. மரக்கால் என்பதும் அதுவே. 2 குறுணி 1 பதக்கு, 2 பதக்கு 1 தூணி, 3 தூணி 1 கலம். நம் ஊர்க் கல்வெட்டுகளைப் பிடித்துக்கொண்டு போனால் இன்னும் பின்னால் போகலாம். தஞ்சைப் பெரிய கோயிலில் ராஜராஜன் காலத்துக் கல்வெட்டுகள் ‘ஆடவல்லான்’ என்று பெயரிட்ட மரக்காலைச் சொல்கின்றன. கூத்தாடும் இறைவனின் பெயரைத்தான் அளவைக்கு வைத்திருக்கிறார்கள். 1010-இல் முடிந்த கோயில் அது. அங்கே தொடங்கி, 1956-ஆம் ஆண்டுச் சட்டத்தோடு கிலோவும் லிட்டரும் வந்தது வரை ஒரு கோடு இழுத்தால் கண்காட்சிக்கு முதுகெலும்பு கிடைத்துவிடும்.

பொருள் சேகரிப்பது: இரண்டு வீட்டுக்கும் போங்கள்

இந்தக் கட்டுரையில் ஒன்றை மட்டும் நினைவில் வைத்துக்கொள்வீர்கள் என்றால், அது இந்தப் பகுதியாக இருக்கட்டும்.

மரக்கால் கிடைப்பது பண்ணை வீட்டில். பத்தாயம் இருந்த வீடு, களம் இருந்த வீடு. அங்கே போனால் பித்தளைப் பூண் போட்ட மரக்காலை எடுத்துத் துடைத்துக் கையில் கொடுப்பார்கள், காபியும் கொடுப்பார்கள். ‘தாத்தா காலத்துல களத்துல மலை மாதிரி நெல்லு’ என்று கதையும் கிடைக்கும். எங்கள் முதல் பட்டியலில் இருந்த முப்பத்தி இரண்டு பொருளும் இப்படிப்பட்ட வீடுகளிலிருந்து வந்தவைதான்.

எங்களோடு வேலை செய்த கல்லூரி மாணவி ஒருத்திதான் கேட்டாள்: “சார், இதுல அளந்து வாங்கினவங்க வீட்டுக்கு எப்பப் போறோம்?”

போனோம். அங்கே மரக்கால் இல்லை. கூலி நெல்லை வாங்கிவந்த மூங்கில் கூடை இருந்தது. சாணி மெழுகி மெழுகி அடி தடித்துப்போன கூடை. ‘எங்களுக்கு அளக்குற மரக்கா வேற, அது சின்னது’ என்ற பேச்சும் இருந்தது. கிழக்குத் தஞ்சையில் கூலி நெல்லின் அளவு என்பது வெறும் கணக்கு இல்லை. 1968 டிசம்பர் 25 அன்று கீழ்வெண்மணியில் 44 பேர் குடிசைக்குள் எரித்துக் கொல்லப்பட்டார்கள். அதற்குப் பின்னால் இருந்தது கூலியாகக் கொஞ்சம் நெல் கூடக் கேட்ட போராட்டம். அளவைக் கண்காட்சி வைத்துவிட்டு இதைச் சொல்லாமல் விட்டால், பாதிக் கண்காட்சிதான் வைத்தோம் என்று அர்த்தம்.

எந்தத் தலைப்பு எடுத்தாலும் இந்த இரண்டாவது வீடு உண்டு. பட்டு என்றால் கட்டியவர் வீடும் நெய்தவர் வீடும். விளக்கு என்றால் ஏற்றிய வீடும் வார்த்த பட்டறையும். தேடிப் போக வேண்டும், தானாக வராது.

பொருளை வாங்கும்போது ரசீது கட்டாயம். இரண்டு பிரதி எழுதி, ஒன்றை அவர்களிடம் கொடுங்கள். பொருளின் பெயர், உயரம், அகலம், ஏற்கெனவே இருக்கும் விரிசல் அல்லது நசுங்கல், திருப்பிக் கொடுக்கும் தேதி, நான்கு பக்கமும் எடுத்த புகைப்படம். பெயரைக் காட்சியில் போடலாமா என்று கேட்டு அவர்கள் சொன்னபடி எழுதிக்கொள்ளுங்கள். சிலர் வேண்டாம் என்பார்கள், மதியுங்கள்.

சட்டம் பற்றி இரண்டு வார்த்தை. 1972-ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டப்படி நூறு வருடத்துக்கு மேற்பட்ட சிற்பம், செப்புத்திருமேனி போன்றவையும், எழுபத்தைந்து வருடத்துக்கு மேற்பட்ட முக்கியமான சுவடிகளும் தொல்பொருள் கணக்கில் வரலாம். சாமி சிலையை யார் கொண்டுவந்தாலும் வாங்காதீர்கள், காப்பாட்சியரிடம் சொல்லிவிடுங்கள். மண்ணைத் தோண்டும்போது கிடைத்தது என்றால் கிராம நிர்வாக அலுவலரிடமோ வட்டாட்சியரிடமோ அன்றே தெரிவிக்கச் சொல்லுங்கள். 1878-ஆம் ஆண்டுப் புதையல் சட்டம் இன்னும் இருக்கிறது. நல்ல மனசோடு ஒளித்து வைத்தாலும் வம்புதான்.

பொருளைப் பாதுகாப்பது

இரண்டாம் வருடம் ஒரு வீட்டிலிருந்து பழைய குத்துவிளக்கு வந்தது. அடித்தட்டில் உளியால் வெட்டிய பெயர் ஒன்று. கொஞ்சம் பச்சை பிடித்திருந்தது. கண்காட்சிக்குப் பளிச்சென்று இருக்கட்டும் என்று எங்களில் ஒருவர் புளியும் மண்ணும் போட்டு ஒரு மணி நேரம் தேய்த்தார். விளக்கு தங்கம் மாதிரி ஆனது. பெயரில் கடைசி இரண்டு எழுத்து மழுங்கிப்போனது. திருப்பிக் கொடுக்கப் போனபோது அந்த வீட்டுப் பெரியவர் விரலால் அந்த இடத்தைத் தடவிப் பார்த்துக்கொண்டே இருந்தார். ஒன்றும் சொல்லவில்லை. அது இன்னும் எனக்கு வலிக்கிறது.

அதனால் முதல் விதி: எதையும் தேய்த்து விளக்காதீர்கள். உலர்ந்த மெல்லிய தூரிகையால் தூசியைத் தட்டினால் போதும். வெண்கலத்தில் வெளிர்பச்சையாகப் பொடி உதிர்ந்தால் அது நோய் மாதிரி, மற்றப் பொருளிலிருந்து தனியாக வைத்துவிட்டுக் காப்பாட்சியரைக் கூப்பிடுங்கள். காகிதம், துணி, சுவடி இவற்றுக்கு வெளிச்சம் 50 லக்ஸைத் தாண்டக் கூடாது என்பது உலகமெங்கும் பின்பற்றும் கணக்கு; ஜன்னல் வெயில் நேராகப் படும் இடத்தில் அது ஆயிரக்கணக்கில் இருக்கும். எனவே சன்னலுக்குக் காடாத் துணித் திரை போடுங்கள். பட்டுப் புடவையை ஆணியில் மாட்டித் தொங்கவிடாதீர்கள், ஜரிகைக் கனத்திலேயே மடிப்பு கிழியும். சாய்வான பலகையில் விரித்து வையுங்கள். செலோடேப் எந்தப் பொருள்மேலும் படக் கூடாது. சுவடி கொண்டுவந்து ‘எப்படிக் காப்பாத்துறது’ என்று கேட்பவர்களைத் தஞ்சை சரசுவதி மகால் நூலகத்துக்கு அனுப்புங்கள், வீட்டு வைத்தியம் சொல்லாதீர்கள்.

விளக்கக் குறிப்பு எழுதுவது

பெரும்பாலான கண்காட்சிகள் தோற்பது இங்கேதான். நாங்கள் முதலில் எழுதியது இது:

“மரக்கால். பழங்கால முகத்தலளவைக் கருவி. மரம், பித்தளை.”

ஒருவரும் நின்று படிக்கவில்லை. மாற்றி எழுதினோம்:

“மரக்கால். களத்தில் நெல் அளந்தது. 8 நாழி கொள்ளும். அளப்பவர் ‘ஒன்று’ என்று தொடங்க மாட்டார். ‘லாபம்’ என்று சொல்லி, அடுத்து ‘ரெண்டு’ என்பார். விளிம்பைப் பாருங்கள், ஒரு பக்கம் மட்டும் தேய்ந்திருக்கிறது. நெல்லைத் தலைதட்டிய கை அந்தப் பக்கம்தான் போய்வந்திருக்கிறது.”

இதைப் படித்தவர்கள் குனிந்தார்கள். கண்ணாடிக்குப் பக்கத்தில் முகத்தை வைத்து விளிம்பைத் தேடினார்கள். குறிப்பு படிக்கிறவரைத் திரும்பப் பொருளிடமே அனுப்ப வேண்டும், அதுதான் அதன் வேலை. நாற்பது சொல்லுக்கு மேல் போகாதீர்கள். எழுத்து, மூன்றடி தள்ளி நின்று கண்ணாடி போடாத பெரியவர் படிக்கும் அளவில் இருக்கட்டும். சுவரில் ஒட்டும் உயரம், பத்து வயதுப் பிள்ளைக்கும் சக்கர நாற்காலியில் வருபவருக்கும் எட்டுகிற மாதிரி, நான்கடிக்குக் கீழே. கூலிக் கூடைக்குப் பக்கத்தில் அந்த வீட்டார் சொன்ன வாக்கியத்தை அவர்கள் பேசிய மொழியிலேயே போட்டோம். ‘திருத்தி’ எழுதவில்லை.

தொண்டர்களைப் பழக்குவது

எட்டுப் பத்துக் கல்லூரிப் பிள்ளைகள் போதும். ஒருநாள் அவர்களைத் தஞ்சை அரண்மனைக் கலைக்கூடத்துக்குக் கூட்டிப் போங்கள். திருவெண்காட்டிலிருந்து வந்த ரிஷபவாகனர் செப்புத்திருமேனி அங்கே நிற்கிறது, 1011-ஆம் ஆண்டைச் சேர்ந்தது. சடையைத் தலைப்பாகை மாதிரிச் சுற்றிக்கொண்டு, ஒரு கையை மடக்கி எதன்மேலோ சாய்ந்த வாக்கில் நிற்பார். சாய்ந்திருக்கும் இடத்தில் ஒன்றும் இருக்காது. எதையும் சொல்லாமல் பிள்ளைகளிடம் கேளுங்கள்: “அந்தக் கை எதன்மேல இருக்கு?” ஐந்து நிமிடம் பேச விடுங்கள். காளை என்று யாராவது ஒருவர் கண்டுபிடிப்பார். அந்தக் காளை இப்போது இல்லை. வழிகாட்டுவது என்பது இந்த ஒரு கேள்விதான். மனப்பாடமாக ஒப்பித்தால் ஐந்தாவது நிமிடத்தில் கூட்டம் நகர்ந்துவிடும். அதே வளாகத்தில் இருக்கும் திமிங்கல எலும்புக்கூட்டையும் காட்டிவிட்டு வாருங்கள். சின்னப் பிள்ளைகள் எதைப் பார்த்து வாய் பிளக்கிறார்கள் என்று தெரியும்.

வாராவார நிகழ்ச்சிகள்

கண்காட்சி மட்டும் வைத்தால் ஒருமுறை வருவார்கள். நிகழ்ச்சி இருந்தால் திரும்ப வருவார்கள். ஞாயிறு மாலை ஒன்று, புதன் காலை பிள்ளைகளுக்கு ஒன்று என்று நான்கு வாரத்துக்கு வையுங்கள்.

கைவினைக் கலைஞர்களை அழைக்கும்போது எந்தக் கட்டத்தைக் காட்டுவது என்று முன்கூட்டியே பேசிக்கொள்ளுங்கள். சுவாமிமலை ஸ்தபதி வந்தால் மெழுகு உருவம் செய்வதைக் காட்டட்டும்: தேன்மெழுகும் குங்கிலியமும் எண்ணெயும் சேர்த்துக் காய்ச்சிய மெழுகை விரலால் இழுத்து நகை செய்வார்கள், அரைமணியில் ஒரு கை உருவாகிவிடும். அதன்மேல் காவிரி வண்டல் பூசுவது வரை காட்டலாம். உலோகம் காய்ச்சி ஊற்றுவது பட்டறையில் நடக்க வேண்டிய வேலை, பிள்ளைகள் நடுவில் வேண்டாம். நரசிங்கம்பேட்டையிலிருந்து நாதஸ்வரம் செய்பவர் வந்தால், பழைய வீட்டு உத்தரத்து ஆச்சா மரத் துண்டு ஒன்றையும் எடுத்துவரச் சொல்லுங்கள். உத்தரம் வாத்தியமாகிறது என்பதைக் கையில் பிடித்துப் பார்த்தால்தான் நம்ப முடியும். வருகிறவர்களுக்கு அன்றைய கூலியும் பயணச் செலவும் கையில் கொடுத்துவிடுங்கள். சால்வை போர்த்திவிட்டு வெறுங்கையோடு அனுப்புவது அவர்கள் ஒருநாள் பிழைப்பைக் கெடுப்பது.

பிள்ளைகளுக்குத் தொட்டுப் பார்க்கும் மேசை ஒன்று அவசியம். ஒரு அண்டா நெல், நாழி, உழக்கு, ஆழாக்கு, இரண்டு மூன்று ஊர் மரக்கால்; உடைந்தாலும் பரவாயில்லை என்று வீட்டார் சொன்ன பொருள்கள் மட்டும். வாய்பாடு சரியா என்று அளந்து பார்க்கச் சொல்லுங்கள். ஒரே நெல் ஒரு மரக்காலில் நிறையும், இன்னொன்றில் மிஞ்சும். ‘ஏன் மிஞ்சுது?’ என்ற கேள்வி அவர்கள் வாயிலிருந்தே வரும். அப்போது கூலிக் கூடை இருக்கும் பக்கம் கூட்டிப் போங்கள்.

வெயில், தண்ணீர், கரண்ட்

வாசலில் கீற்றுப் பந்தல், இரண்டு மண்பானைத் தண்ணீர், மாலையில் நீர்மோர். நிகழ்ச்சி அன்று பானகம் போட்டால் கூட்டம் இன்னும் கொஞ்ச நேரம் உட்காரும். அறைக்குள் குறைந்தது ஆறு நாற்காலி வேண்டும், வயசானவர்கள் நின்றுகொண்டு பார்க்க முடியாது. கழிப்பறைச் சாவி யாரிடம் என்று முதல் நாளே கேட்டு வையுங்கள். கரண்ட் போனால் ஐந்து நிமிடத்துக்குள் அறையைக் காலி செய்ய ஒருவர் பொறுப்பாக இருக்கட்டும்.

அழைப்பு

நோட்டீஸ், ஆட்டோ மைக், வாட்சப் எல்லாம் சரி, செய்யுங்கள். பொருள் கொடுத்த வீடுகளுக்கு மட்டும் நேரில் போய், வெற்றிலை பாக்கு வைத்து அழையுங்கள். இரண்டு வகை வீட்டுக்கும் ஒரே தட்டு, ஒரே மரியாதை. தொடக்க விழாவில் முன்வரிசை அவர்களுக்கு. பேச்சாளர்கள் பின்னால் உட்காரலாம். ஒரு வீட்டுக்குப் போய் அழைத்தால் பதினைந்து பேர் வருவார்கள்; நோட்டீஸ் ஆயிரம் அடித்தாலும் அத்தனை பேர் வருவது சந்தேகம்.

முடிந்த பிறகு

கடைசி நாளிலிருந்து ஒரு வாரத்துக்குள் எல்லாப் பொருளும் வீடு போய்ச் சேர வேண்டும். ரசீதை எடுத்து, படத்தோடு ஒப்பிட்டு, கையெழுத்து வாங்குங்கள். வீட்டாரின் பேச்சைப் பதிவு செய்ததை அவர்கள் சம்மதத்தோடு எழுதி, படங்களோடு ஒரு தொகுப்பாக்கி அருங்காட்சியகத்துக்கு ஒரு பிரதி கொடுங்கள். பொருள் திரும்பிப் போய்விடும், அந்தத் தொகுப்பு அங்கே இருக்கும்.

அளவைக் கண்காட்சியின் கடைசி மாலை, கூடை கொடுத்த அம்மா பேரனோடு வந்தார். பையன் தொட்டுப் பார்க்கும் மேசைக்கு ஓடி, “ஆயா, நீ அள” என்று மரக்காலைத் தூக்கிக் கொடுத்தான். அவர் சுற்றும்முற்றும் பார்த்தார். பிறகு தரையில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, நெல்லை வாரி நிரப்பி, உள்ளங்கையால் தலைதட்டினார்.

“அவுங்க சொல்லிக் கேட்டிருக்கேன். நான் சொல்லி அளந்ததில்ல” என்றார்.

நெல்லைத் தன் கூடையில் கவிழ்த்துக்கொண்டே, அறை முழுக்கக் கேட்கிற மாதிரிச் சொன்னார்: “லாபம்.”